யூத நினைவும் கிராஃபிக் நாவலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வாசகர் வட்டத்தில் கிராஃபிக் நாவல்களைப் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் ஏறக்குறைய ஒரே ஐயங்கள் எழுவதைப் பல ஆண்டுகளாகக் கவனித்து வருகிறேன். கேட்டவர்களின் சொற்களிலேயே கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். ஒரு விடை முன்பே வந்திருந்தால், அந்தக் கேள்வியின் எண்ணை மட்டும் குறிப்பிட்டிருக்கிறேன்.

1. கிராஃபிக் நாவல் என்பது காமிக்ஸுக்கு வைத்த கௌரவப் பெயர்தானே?

ஓரளவு உண்மை. கட்டங்கள், பேச்சுக் குமிழிகள், படவரிசை என வடிவத்தில் இரண்டும் ஒன்றுதான். தொடராக நீளும் நாயகனின் சாகசத்தை விட்டுவிட்டு, முதலும் முடிவும் கொண்ட தனி நூலாக, பெரியவர்களின் வாழ்க்கையைச் சொல்ல முனைந்தபோது அதற்கு வேறு பெயர் தேவைப்பட்டது. இந்தப் பெயரை உருவாக்கியவர் வில் ஐஸ்னர் அல்லர். ஆனால் அதைப் பலரும் அறியச் செய்தவர் அவர்தான். 1978இல் வெளியான அவருடைய 'எ கான்ட்ராக்ட் வித் காட்', நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் டிராப்ஸி அவென்யூ என்ற கற்பனைத் தெருவில், ஏழை யூதக் குடும்பங்கள் நெருக்கியடித்து வாழ்ந்த ஒரு வாடகைக் குடியிருப்பின் நான்கு கதைகளைச் சொல்கிறது.

முதல் கதையின் நாயகன் ஃபிரிம்மே ஹெர்ஷ், ரஷ்யாவில் சிறுவனாக இருந்தபோதே கடவுளோடு தான் செய்துகொண்ட ஒப்பந்தத்தை ஒரு சிறு கல்லில் எழுதி வைத்துக்கொண்டவர். வளர்ப்பு மகள் நோயில் இறந்ததும், ஒப்பந்தத்தை மீறியது கடவுள்தான் என்று கதறி, அந்தக் கல்லைச் சன்னல் வழியே வீசியெறிகிறார். ஐஸ்னரின் மகள் ஆலிஸ் 1970இல் தன் 16ஆம் வயதில் ரத்தப் புற்றுநோயால் இறந்தாள். அந்தக் கோபம் தன்னுடையதே என்பதை அவர் வெளியே சொல்லப் பல ஆண்டுகள் ஆயின. கதையின் தொடக்கப் பக்கங்களில், மகளைப் புதைத்துவிட்டு முதுகு வளைந்து நடந்து வரும் ஹெர்ஷின் மீது மழை விடாமல் கொட்டுகிறது. படிக்கட்டுகளில் நீர் வழிகிறது. எழுத்துகளும்கூட நனைந்து தொங்குகின்றன.

2. அமெரிக்கக் காமிக்ஸ் உலகில் இத்தனை யூதர்கள் எப்படி வந்தார்கள்?

1930களில் பெரிய விளம்பர நிறுவனங்களும் மதிப்புமிக்க இதழ்களும் யூத ஓவியர்களுக்கு எளிதில் கதவு திறக்கவில்லை. மலிவுத் தாளில் அச்சான காமிக்ஸ் தொழிலை யாரும் மதிக்கவில்லை என்பதால் அங்கே நுழைய முடிந்தது. 1938இல் சூப்பர்மேனைப் படைத்த ஜெர்ரி சீகலும் ஜோ ஷூஸ்டரும் யூதக் குடியேறிகளின் பிள்ளைகள். ஹிட்லரின் தாடையில் குத்துவிடும் கேப்டன் அமெரிக்காவை, அமெரிக்கா போரில் இறங்கும் முன்பே வரைந்த ஜோ சைமனும் ஜாக் கர்பியும் அவ்வாறே.

ஆனால் அந்த நாயகர்கள் எவருக்கும் யூதப் பெயர் இல்லை. படைத்தவர்களில் பலரும் தங்கள் பெயரையே மாற்றிக்கொண்டவர்கள். கர்பியின் இயற்பெயர் ஜேக்கப் கர்ட்ஸ்பெர்க். ஹெர்ஷ் என்ற பெயரோடு, தாடியோடு, கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் மொழியான இத்திஷின் நெடியடிக்கும் ஆங்கிலத்தோடு ஒரு மனிதரை ஐஸ்னர் கதையின் நடுவில் நிறுத்தியது அதனால்தான் பெரிய திருப்பம்.

3. யூத மதம் உருவங்களை வரையவே கூடாது என்கிறதே? பிறகு எப்படிப் படக்கதை?

பத்துக் கட்டளைகளில் உள்ள தடை முதன்மையாக வழிபடுவதற்கான உருவங்களைப் பற்றியது. அதை எவ்வளவு கண்டிப்பாகக் கொள்வது என்பது காலத்துக்கும் ஊருக்கும் ஏற்ப மாறி வந்திருக்கிறது. இடைக்கால யூதர்கள் தங்கள் சமய நூல்களை அழகிய ஓவியங்களால் நிரப்பியிருக்கிறார்கள்.

அவற்றுள் ஒன்றை இங்கே சொல்லியே ஆக வேண்டும். சுமார் 1300ஆம் ஆண்டில் தென் ஜெர்மனியில் எழுதப்பட்டு, இப்போது எருசலேமின் இஸ்ரேல் அருங்காட்சியகத்தில் இருக்கும் ஹகாதா (பாஸ்கா இரவில் வாசிக்கும் நூல்; கேள்வி 4) ஏடு ஒன்றில், யூதர்கள் எல்லோருக்கும் மனித உடலும் பறவைத் தலையும் வரையப்பட்டிருக்கின்றன. மனித முகத்தைத் தவிர்க்கும் உத்தியா, வேறு பொருள் கொண்டதா என்பதில் அறிஞர்கள் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. காரணம் எதுவாயினும், எகிப்திலிருந்து வெளியேறிய கதையை விலங்குத் தலை கொண்ட மனிதர்களை வைத்துச் சொல்லும் ஓர் ஏடு, யூதர்களை எலிகளாக வரைந்த 'மவுஸ்' (கேள்வி 5) நூலுக்கு ஏறத்தாழ 700 ஆண்டுகளுக்கு முன்பே இருந்தது.

4. நினைவு கூர்வது எல்லாச் சமூகங்களிலும் உண்டு. யூதர்களிடம் அப்படி என்ன தனித்தன்மை?

எபிரேய வேதத்தில் 'ஸாகோர்', அதாவது 'நினைவில் வை' என்பது ஒரு கட்டளை. பாஸ்கா இரவில் குடும்பம் மேசையைச் சுற்றி அமர்ந்ததும், 'இந்த இரவு ஏன் மற்ற இரவுகளைப் போல் இல்லை?' என்று அங்கிருக்கும் மிக இளையவர் கேட்க, பெரியவர்கள் எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து விடுபட்ட கதையைச் சொல்ல வேண்டும். அந்த இரவுக்கான நூல்தான் ஹகாதா. ஒவ்வொரு தலைமுறையினரும் எகிப்திலிருந்து தாமே வெளியேறியதாக எண்ணிக்கொள்ள வேண்டும் என்பது அதன் ஆணை. யோசுவாவின் நூலிலும், யோர்தானிலிருந்து எடுத்த பன்னிரண்டு கற்களை நட்டு வைப்பதற்குச் சொல்லப்படும் காரணம், பின்னாளில் பிள்ளைகள் அவை என்ன என்று கேட்பார்கள் என்பதே. கேள்வி கேட்கும் பிள்ளை இல்லாமல் இந்த மரபில் நினைவு நிறைவடைவதில்லை.

இருபதாம் நூற்றாண்டில் இந்தக் கடமை பயங்கரமான கனத்தோடு வந்து இறங்கியது. நாஜிகள் யூதர்களை அடைத்து வைத்த வார்சா கெட்டோவில் வரலாற்றாசிரியர் இம்மானுவேல் ரிங்கல்புளூமும் தோழர்களும் நாட்குறிப்பு, ரேஷன் அட்டை, சுவரொட்டி எனக் கைக்குக் கிடைத்ததையெல்லாம் சேர்த்து, தகரப் பெட்டிகளிலும் பால் கேன்களிலும் அடைத்து மண்ணில் புதைத்தார்கள். போருக்குப் பின் 1946இலும் 1950இலும் இரண்டு பகுதிகள் தோண்டியெடுக்கப்பட்டன. உயிர் பிழைத்தவர்கள் அழிந்துபோன தங்கள் ஊர்களுக்காக 'யிஸ்கோர்' என்ற நினைவு நூல்களைத் தொகுத்தார்கள். அவற்றில் நினைவிலிருந்தே வரைந்த தெரு வரைபடங்களும் இறந்தோரின் பெயர்ப் பட்டியல்களும் உண்டு. வீடு இருந்த இடம், சந்தை, குளியலறை, கல்லறை என்று கோடு போட்டு வரைந்த அந்த வரைபடங்களைப் பின்னாளில் வந்த கிராஃபிக் நாவல்களின் உறவினர்களாகவே நான் பார்க்கிறேன்.

5. 'மவுஸ்' பற்றி எல்லோரும் சொல்கிறார்கள். சுருக்கமாகக் கதை என்ன?

நியூயார்க்கில் வாழும் ஆர்ட் என்ற ஓவியர், தன் தந்தை விளாடெக்கிடம் ஒலிப்பதிவுக் கருவியோடு சென்று, போலந்தில் அவர் பட்டதைக் கேட்கிறார். திருமணம், போர், பதுங்குகுழிகள், 1944இல் நாஜிகளின் ஆஷ்விட்ஸ் கொலைமுகாம் என்று அந்தக் கதை விரிகிறது. கூடவே, தீக்குச்சியைக்கூட வீணாக்காத, இரண்டாம் மனைவியை வாட்டியெடுக்கும், மகனோடு ஓயாமல் முரண்படும் முதியவரின் இன்றைய வாழ்க்கையும் ஓடுகிறது. ஆர்ட் ஸ்பீகல்மேன் இதன் முதல் வடிவத்தை 1972இல் மூன்று பக்கங்களில் வரைந்தார். 1980 முதல் 'ரா' இதழில் தொடராக வந்து, 1986இலும் 1991இலும் இரண்டு தொகுதிகளாக வெளியாகி, 1992இல் சிறப்புப் புலிட்சர் பரிசு பெற்றது.

கேட்கும் பிள்ளை, சொல்லும் தந்தை என்பது பாஸ்கா மேசையின் அமைப்பேதான் (கேள்வி 4). ஆனால் இங்கே கதையின் முடிவில் விடுதலைப் பாட்டு இல்லை.

6. யூதர்களை எலியாக வரைவது அவர்களை இழிவுபடுத்துவது இல்லையா?

இதுதான் எங்கள் வட்டத்தில் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி. யூதர்களை எலிக் கூட்டத்தோடு ஒப்பிட்டது நாஜிகளின் பிரசாரம். 1940இல் வந்த 'டேர் எவிகே யூடே' என்ற பிரசாரப் படம் அதை வெளிப்படையாகவே செய்தது. யூதர்கள் ஓர் இனம், ஆனால் மனிதர்கள் அல்லர் என்ற ஹிட்லரின் கூற்றை ஸ்பீகல்மேன் நூலின் முகப்பிலேயே வைக்கிறார். அந்தப் பொய்யை அப்படியே எடுத்துக்கொண்டு, அதற்குள் பசி, காதல், கஞ்சத்தனம், குற்ற உணர்வு என்று முழு மனித வாழ்வையும் நிரப்பிக் காட்டுகிறார். சில பக்கங்கள் படித்ததும் நாம் எலிகளைப் பார்ப்பதை நிறுத்திவிடுகிறோம்.

உருவகம் தன்னைத்தானே அவிழ்த்தும் காட்டுகிறது. ஒளிந்து வாழும் விளாடெக்கும் அவர் மனைவி ஆன்யாவும் போலந்துக்காரர்களாக நடிக்கும்போது பன்றி முகமூடியைக் கயிற்றால் கட்டிக்கொள்கிறார்கள். விளாடெக் ஓரளவு தப்பிவிடலாம். ஆன்யாவின் தோற்றமோ காட்டிக்கொடுத்துவிடும். அதைச் சொல்ல ஸ்பீகல்மேன் செய்வதெல்லாம், அவளுடைய மேலங்கிக்குக் கீழே ஒரு நீண்ட வாலைத் தொங்கவிடுவதுதான். இனம் என்பது பிறர் நம் முகத்தில் மாட்டும் முகமூடி என்பதை இந்தச் சிறு படத்தைவிடத் தெளிவாகச் சொல்லிவிட முடியாது. போலந்துக்காரர்களைப் பன்றியாக வரைந்தது அந்நாட்டில் கடும் எதிர்ப்பைக் கிளப்பியது. அந்த வருத்தத்தை நான் தள்ளிவிட மாட்டேன். தேசங்களை விலங்குகளாகப் பிரிக்கும் எந்தத் திட்டமும் எங்கோ ஓரிடத்தில் யாரையாவது காயப்படுத்தும்.

7. தந்தை மறந்திருக்கலாம், மாற்றிச் சொல்லியிருக்கலாம். இதை வரலாறு என்று எப்படி நம்புவது?

இந்த ஐயத்தை நூலே ஒரு பக்கத்தில் எழுப்புகிறது. ஆஷ்விட்ஸ் வாசலில் கைதிகள் வேலைக்கு அணிவகுத்துச் செல்லும்போது இசைக்குழு வாசித்தது ஆவணங்களில் உறுதியான செய்தி. அதைப் பற்றி மகன் கேட்க, தந்தையோ தனக்கு அணிவகுப்பு மட்டுமே நினைவிருக்கிறது என்றும், காவலர்களின் கூச்சலைத்தான் கேட்டதாகவும் அடித்துச் சொல்கிறார். முதல் படத்தில் இசைக்குழு முழுதாகத் தெரிகிறது. தந்தை மறுத்த பிறகு வரும் படத்தில், அணிவகுத்து நடக்கும் கைதிகளின் வரிசை அதே இடத்தை மறைத்துக்கொள்கிறது. தலைகளுக்கு மேலே வாத்தியங்களின் நுனிகள் மட்டும் எட்டிப் பார்க்கின்றன. ஆவணம் சொன்னதையும் நினைவு சொன்னதையும் ஒரே பக்கத்தில், ஒன்றை ஒன்று அழிக்காமல் நிறுத்தி வைக்க எழுத்தால் இவ்வளவு எளிதாக முடிந்திருக்காது.

இரண்டாம் தொகுதியை 'நியூயார்க் டைம்ஸ்' புனைவு நூல்களின் பட்டியலில் சேர்த்தபோது, ஸ்பீகல்மேன் அதை மறுத்துக் கடிதம் எழுதினார். நூல் புனைவல்லாதவற்றின் பட்டியலுக்கு மாற்றப்பட்டது. என் தந்தையின் நினைவு புனைகதை இல்லை என்று ஒரு மகன் வாதாடியதாகவே அதை நான் புரிந்துகொள்கிறேன்.

8. முகாம்களில் இருந்தவர்களே யாராவது இப்படி வரைந்திருக்கிறார்களா?

வரைந்திருக்கிறார்கள். ஹோர்ஸ்ட் ரோசென்தால் என்ற ஜெர்மானிய யூத இளைஞர், பிரான்சின் குர்ஸ் முகாமில் அடைபட்டிருந்தபோது 1942இல் ஒரு சிறு கைப்பிரதியை உருவாக்கினார். அதில் மிக்கி மவுஸ் ஆவணங்கள் இல்லாமல் பிடிபட்டுக் குர்ஸ் முகாமுக்கு வந்து சேர்கிறது. தந்தை பெயர் கேட்டால் வால்ட் டிஸ்னி என்கிறது. ரொட்டியின் அளவைப் பார்க்க அதற்கு உருப்பெருக்கிக் கண்ணாடி தேவைப்படுகிறது. வால்ட் டிஸ்னியின் அனுமதியின்றி வெளியிடப்பட்டது என்ற குறிப்பும் அட்டையில் உண்டு. கடைசிப் பக்கத்தில், தான் வெறும் ஓவியம்தானே என்று மிக்கி ஓர் அழிப்பானால் தன்னையே அழித்துக்கொண்டு, சுதந்திர நாடான அமெரிக்காவுக்குப் போய்விடுகிறது. வரைந்தவருக்கு அந்த வழி இல்லை. 1942 செப்டம்பரில் ரோசென்தால் ஆஷ்விட்ஸுக்கு அனுப்பப்பட்டுக் கொல்லப்பட்டார்.

பெர்லினில் பிறந்த சார்லட் சலோமோன், தென் பிரான்சில் தஞ்சமடைந்திருந்த 1940 முதல் 1942 வரையான காலத்தில், தன் குடும்பக் கதையை 700க்கும் மேற்பட்ட வண்ண ஓவியங்களாக, மேலே ஒட்டிய மெல்லிய தாள்களில் உரையாடலோடு வரைந்து, நம்பிக்கைக்குரிய ஒரு மருத்துவரிடம் ஒப்படைத்தார். 1943 அக்டோபரில் கருவுற்ற நிலையில் ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டபோது அவருக்கு வயது 26. ஓவியங்கள் இப்போது ஆம்ஸ்டர்டாமின் யூத அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

9. இந்தக் கதைகளில் பெண்களின் குரல் எங்கே?

'மவுஸ்' முதல் தொகுதி இந்த இல்லாமையின் மீதுதான் முடிகிறது. ஆர்ட்டின் தாய் ஆன்யா 1968இல் தற்கொலை செய்துகொண்டார். மகன் என்றாவது படிப்பான் என்று அவர் எழுதி வைத்த குறிப்பேடுகளை விளாடெக் துயரத்தில் எரித்துவிட்டார். அதை அறிந்த மகன் தந்தையைக் கொலைகாரன் என்று அழைக்கிறான். ஒரு நாட்குறிப்பை எரித்ததற்கு அந்தச் சொல் மிகை என்று சிலர் சொல்வார்கள். கேள்வி 4இல் சொன்ன மரபில் நின்று பார்த்தால் அது மிகையாகத் தோன்றாது.

அந்த இடத்தை வேறு பெண்கள் நிரப்பினார்கள். 1942இல் ஹங்கேரியில் பிறந்த மிரியம் காட்டின், அறுபது வயதைத் தாண்டிய பிறகு, 2006இல் 'வீ ஆர் ஆன் அவர் ஓன்' என்ற தம் முதல் நூலை வெளியிட்டார். அவருடைய தாய் ஆவணங்களையும் புகைப்படங்களையும் எரித்து, தாங்கள் இறந்துவிட்டதாகக் காட்டி, வேலைக்காரப் பெண்ணின் வேடத்தில் குழந்தையோடு புடாபெஸ்ட்டிலிருந்து தப்பினார். அந்தக் குழந்தைக்கு வரலாறு புரியவில்லை. யூதர்கள் நாய் வைத்திருக்கக் கூடாது என்ற ஆணையால் தன் நாய் பறிக்கப்பட்டது மட்டும் புரிகிறது. கடந்த காலம் முழுவதும் அழுத்தித் தேய்த்த பென்சில் கறுப்பு. இடையே வரும் பிற்கால வாழ்க்கை மட்டும் வண்ணத்தில். ஏமி குர்ஸ்வைலின் 'ஃப்ளையிங் கவுச்' (2016) பாட்டி, தாய், பேத்தி என்ற மூன்று தலைமுறைகளைப் பேசுகிறது. வார்சா கெட்டோவிலிருந்து தப்பிய பாட்டியின் பதிவு செய்யப்பட்ட வாய்மொழியே அதில் எழுத்தாகியிருக்கிறது.

10. எல்லாமே படுகொலைக் கதைகள்தானா? மனம் தாங்கவில்லை.

இல்லை, இந்தச் சோர்வும் நியாயமானதே. பிரெஞ்சு ஓவியர் ஜோவான் ஸ்ஃபாரின் 'ரபியின் பூனை' வரிசையை (2002 முதல்) எடுத்துக்கொள்ளுங்கள். அல்ஜியர்ஸ் நகரில் ஒரு ரபியின் (யூத சமய குருவின்) வீட்டுப் பூனை, கிளியைத் தின்றதும் பேசக் கற்றுக்கொள்கிறது. அது பேசும் முதல் பேச்சே, கிளியைத் தான் தின்னவில்லை என்ற பொய். பிறகு யூதச் சிறுவர் பெரியவராவதைக் குறிக்கும் பார் மிட்ஸ்வா சடங்கு தனக்கும் வேண்டும் என்று அடம்பிடித்து, ரபியின் குருவோடு இறையியல் வாதம் செய்கிறது. சிரித்துக்கொண்டே படித்தாலும் இதுவும் நினைவு நூல்தான்: அல்ஜீரிய யூதர்களில் பெரும்பாலோர் 1962இல் அந்நாடு விடுதலை பெற்றதை ஒட்டி வெளியேறிவிட்டதால், ஸ்ஃபார் வரையும் அந்த முற்றங்களும் தெருக்களும் இன்று அந்த வாழ்க்கையோடு இல்லை.

லியானா ஃபிங்கின் 'எ பின்டெல் ப்ரீஃப்' (2014), 1906இல் நியூயார்க்கின் இத்திஷ் நாளேடான 'ஃபோர்வெர்ட்ஸ்' தொடங்கிய வாசகர் கடிதப் பகுதியிலிருந்து எழுந்தது. பென் காட்சரின் 'தி ஜ்யூ ஆஃப் நியூயார்க்' 1830களின் நகரத்தைக் கற்பனையோடு மீட்டெடுக்கிறது.

11. தான் பார்க்காத கொடுமையை வரைய ஓவியருக்கு என்ன உரிமை?

மேரியன் ஹிர்ஷ் என்ற அறிஞர் 'மவுஸ்' பற்றி எழுதும்போது 'பின்நினைவு' என்ற கருத்தை முன்வைத்தார். பெற்றோரின் பேரழிவை நேரில் காணாத பிள்ளைகள், கதைகள், புகைப்படங்கள், மௌனங்கள் வழியாக அதைத் தங்கள் நினைவைப் போலவே சுமப்பதை அது குறிக்கிறது. ஜோ கூபர்ட் இதை அதன் எல்லை வரை கொண்டு சென்றார். 1926இல் அவர் கைக்குழந்தையாக இருந்தபோது குடும்பம் போலந்தை விட்டு அமெரிக்கா வந்தது. வராமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வியே 2003இல் வந்த 'யோசெல்' நூல்: வார்சா கெட்டோ எழுச்சியில் சிக்கிய, படம் வரையும் ஒரு சிறுவனின் கதை. மை தீட்டாத பென்சில் கோடுகளாகவே பக்கங்களை அவர் விட்டுவிட்டார். அந்தச் சிறுவனுக்கு மை தீட்டிச் செம்மை செய்ய நேரம் இருந்திருக்காது என்று பார்த்தவுடன் புரிகிறது.

என் கருத்தில், உரிமை என்பது வரைபவர் தன் தூரத்தை மறைக்காமல் காட்டுவதில் இருக்கிறது. 2022இல் வந்த 'பட் ஐ லிவ்' தொகுப்பில், சிறுவயதில் உயிர் பிழைத்தவர்கள் ஓவியர்களோடு அமர்ந்து பேசிப் பேசியே தங்கள் கதைகளை உருவாக்கினார்கள். சாட்சிகள் இருக்கும்போதே செய்ய வேண்டிய வேலை இது.

12. துயரத்தை விற்றுப் புகழும் பணமும் சம்பாதிப்பது சரியா?

இதைக் கேட்டவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். தயங்க வேண்டியதில்லை; முதலில் கேட்டவர் ஸ்பீகல்மேன்தான். இரண்டாம் தொகுதியில் ஓர் அத்தியாயம், எலி முகமூடி அணிந்த மனிதராக அவர் வரைபலகையின் முன் அமர்ந்திருப்பதோடு தொடங்குகிறது. முதல் தொகுதியின் வெற்றியைப் பற்றிச் சொல்லிக்கொண்டே போகிறார். படம் விரியும்போது அவருடைய பலகையின் கீழே எலும்பும் தோலுமான பிணங்கள் குவிந்து கிடக்கின்றன. செய்தியாளர்களும் வணிகர்களும் அந்தப் பிணங்களின் மேல் நடந்து வருகிறார்கள். அவர் சிறு குழந்தையாகச் சுருங்கிவிடுகிறார். நூலைத் திரைப்படமாக்க வந்த அழைப்புகளையும் அவர் ஏற்கவில்லை.

13. பள்ளியில் 'மவுஸ்' நூலை நீக்கினார்களாமே, உண்மையா?

உண்மை. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் மக்மின் மாவட்டக் கல்வி வாரியம் 2022 ஜனவரியில் பத்துக்குப் பூஜ்யம் என்ற வாக்கில் அதை எட்டாம் வகுப்புப் பாடத்திட்டத்திலிருந்து நீக்கியது. சில வசைச் சொற்களும் ஒரு நிர்வாணப் படமும் காரணங்களாகச் சொல்லப்பட்டன. அந்தப் படம், குளியல் தொட்டியில் இறந்து கிடக்கும் ஆன்யாவின் சிறிய உருவம். செய்தி பரவியதும் நூலின் விற்பனை பல மடங்கு கூடியது.

14. இஸ்ரேல், பாலஸ்தீனம் பற்றி இவர்கள் வாய் திறப்பதில்லையே?

திறந்திருக்கிறார்கள், தங்களுக்குள் முரண்பட்டும் இருக்கிறார்கள். சாரா கிளிடன் 2010இல் வெளியிட்ட நூலில், இளம் யூதர்களுக்கான சுற்றுலாவில் இஸ்ரேல் சென்று, தன் முன்முடிவுகள் குழம்புவதை ஒளிவின்றி வரைந்தார். ஹார்வி பீக்கர் மறைந்த பின் 2012இல் வெளிவந்த அவருடைய நூல், பெற்றோர் தனக்கு வாக்களித்த இஸ்ரேல் இது இல்லை என்று தலைப்பிலேயே சொல்கிறது. இஸ்ரேலிய ஓவியர் ரூத்து மோடனின் 'தி ப்ராப்பர்ட்டி' (2013) வேறு திசையில் செல்கிறது: குடும்பச் சொத்தைத் தேடிப் பாட்டியும் பேத்தியும் வார்சா செல்ல, நினைவு என்பதே சுற்றுலாவாகவும் நாடகமாகவும் ஆகிவிட்ட நகரத்தில் பாட்டி தன் சொந்த ரகசியத்தைத் தேடுகிறார். ஒரு சமூகத்தின் துயர நினைவு அதை எதற்கெல்லாம் கடமைப்படுத்துகிறது என்பதில் யூதர்களிடையே ஒரே குரல் இல்லை. இந்த நூல்களிலும் இல்லை.

15. 'மவுஸ்' கடைசிப் பக்கம் எனக்குப் புரியவில்லை. தந்தை ஏன் மகனை வேறு பெயரில் அழைக்கிறார்?

அங்கே அவர் அழைக்கும் பெயர் ரிஷ்யூ. அது போரில் இறந்த முதல் மகனின் பெயர். பாதுகாப்புக்காக அவனைப் பெற்றோர் ஓர் உறவினரிடம் அனுப்பியிருந்தார்கள். நாஜிகள் முகாமுக்கு அழைத்துப்போக வந்தபோது, அந்தப் பெண் தன்னிடமிருந்த குழந்தைகளுக்கும் தனக்கும் நஞ்சு கொடுத்துவிட்டாள். போருக்குப் பின் பிறந்த ஆர்ட், சுவரில் தொங்கிய அண்ணனின் புகைப்படத்தோடு போட்டியிட்டே வளர்ந்தவர்.

கடைசிப் பக்கத்தில் விளாடெக், போர் முடிந்து ஆன்யாவைக் கண்டடைந்ததையும், அதன்பின் இருவரும் மகிழ்ச்சியாகவே வாழ்ந்ததையும் சொல்கிறார். அது அப்படி இல்லை என்பது நமக்குத் தெரியும் (கேள்வி 9). பிறகு ஒலிப்பதிவை நிறுத்தச் சொல்லி, பேசிக் களைத்துவிட்டதாகவும் கதை இப்போதைக்குப் போதும் என்றும் சொல்லிப் படுக்கையில் திரும்பிக்கொள்கிறார். அந்தச் சொற்களை அவர் சொல்வது ரிஷ்யூவிடம். கட்டிலருகே நிற்கும் மகன் திருத்தவில்லை. அதற்குக் கீழே விளாடெக், ஆன்யா இருவரின் பெயர்களும் தேதிகளும் பொறித்த ஒரே கல்லறைக் கல். அதற்கும் கீழே ஓவியரின் கையெழுத்தும், இந்த வேலை எடுத்துக்கொண்ட ஆண்டுகளும்: 1978–1991.